பூட் ஆகும்போது ஓடிய டிஸ்க் செக்: ரிசல்ட்டை எங்கே பார்ப்பது?

கேள்வி: கரண்ட் போய் வந்தபிறகு கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். கருப்புத் திரையில் செக் டிஸ்க் ஓடியது. எழுந்து போய்த் திரும்புவதற்குள் லாகின் திரை வந்துவிட்டது. அதில் என்ன வந்தது என்று இனிமேல் பார்க்க முடியாதா சார்? விண்டோஸ் 10.

பதில்: தாராளமாகப் பார்க்கலாம். அந்தச் சோதனையைச் செய்வது ஆட்டோசெக் என்ற புரோகிராம். அது ஓடும் நேரத்தில் விண்டோஸ் இன்னும் முழுதாகக் கிளம்பியிருக்காது. அதனால் திரையில் ஓடிய வரிகளை ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி வைத்துவிடும். விண்டோஸ் வந்ததும் வின்இனிட் என்ற பகுதி அதை எடுத்து, விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் லாகில் சேர்க்கும். நாம் தேடவேண்டியது வின்இனிட் பெயரில்தான். பலர் செக் டிஸ்க் என்று தேடிவிட்டு, ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறங்கள். இடதுபக்கம் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன். பிறகு வலதுபக்கம் ஃபில்டர் கரண்ட் லாக். ஈவென்ட் சோர்ஸ் பட்டியலில் வின்இனிட்டை டிக் செய்து ஓகே கொடுங்கள். 1001 என்ற எண்ணோடு வரும் பதிவுதான் உங்களுடையது. டபுள் கிளிக் செய்தால் முழு ரிப்போர்ட்டும் தனி விண்டோவில் திறக்கும்.

கேள்வி: நான் 1001 என்று எண்ணை மட்டும் போட்டுத் தேடினேன். ஏதேதோ புரோகிராம் கிராஷ் ஆன பதிவுகள்தான் வருகின்றன.

பதில்: கிராஷ்களைப் பதியும் விண்டோஸ் எரர் ரிப்போர்ட்டிங்கும் அதே 1001-ஐத்தான் பயன்படுத்துகிறது. சோர்ஸையும் சேர்த்துக் கொடுங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: டி டிரைவை ரீஸ்டார்ட் செய்யாமல், விண்டோஸுக்குள் இருந்தபடியே கமாண்ட் பிராம்ப்டில் சரிபார்த்தேன். வின்இனிட்டில் அது இல்லையே?

பதில்: இருக்காது. அதே அப்ளிகேஷன் லாகில் சோர்ஸை செக்டிஸ்க் என்று மாற்றுங்கள். பிழைகளைத் திருத்தச் சொல்லி ஓட்டியிருந்தால் பதிவின் எண் 26214, வெறுமனே பார்க்கச் சொல்லியிருந்தால் 26212, ஸ்கேன் ஆப்ஷனோடு ஓட்டியிருந்தால் 26226.

கேள்வி: ரிப்போர்ட்டைத் திறந்துவிட்டேன். நீளமாக இருக்கிறது. எந்த வரியைப் பார்க்கவேண்டும்?

பதில்: இதுதான் முக்கியமான கேள்வி. ரிசல்ட்டைக் கண்டுபிடித்த பலர் அதைப் படிக்காமலே மூடிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

முதலில் எத்தனை ஸ்டேஜ் ஓடியது என்று பாருங்கள். மூன்றோடு முடிந்திருந்தால் ஃபைல் அமைப்பு, ஃபோல்டர்களின் இணைப்பு, பாதுகாப்பு விவரங்கள் ஆகியவற்றை மட்டுமே சோதித்திருக்கிறது. டிஸ்க்கின் பரப்பைத் தொடவே இல்லை. ஐந்து ஓடியிருந்தால்தான் ஃபைல்கள் இருக்கும் இடத்தையும் காலி இடத்தையும் படித்துப் பார்த்ததாக அர்த்தம்.

அப்புறம் கீழே வாருங்கள். பிரச்சினை எதுவும் இல்லை என்றோ, திருத்தங்கள் செய்யப்பட்டன என்றோ ஒரு வரி இருக்கும். திருத்தம் என்று இருந்தாலே பயப்படவேண்டாம். கரண்ட் திடீரென்று போனால் பாதி எழுதிய ஃபைல் விவரங்கள் அப்படித்தான் சரிசெய்யப்படும். அநாதையாகக் கிடந்த துண்டுகள் ஃபவுண்ட்.000 என்ற மறைவு ஃபோல்டரில் சேர்ந்திருக்கலாம். ஏதாவது ஃபைல் காணவில்லை என்றால் அங்கே தேடிப் பாருங்கள்.

கடைசியாக, டிஸ்க்கின் மொத்த அளவு வரும் இடத்துக்குக் கீழே "பேட் செக்டார்ஸ்", அதாவது டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்கள், என்று ஒரு வரி. அங்கே 0 கேபி இருக்கவேண்டும். வேறு எண் இருந்தால் மறுபடி செக் ஓட்டாதீர்கள். முதலில் வேண்டிய ஃபைல்களை வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். செக் டிஸ்க் ஃபைல் அமைப்பைத்தான் சரிசெய்யும், கெட்டுப்போகிற டிஸ்க்கைச் சரிசெய்யாது. அந்த நிலையில் ஐந்து ஸ்டேஜையும் ஓட்டினால் டிஸ்க்குக்கு மேலும் சுமைதான்.

கேள்வி: ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் செக் ஓடுகிறது. ரிப்போர்ட்டில் பிரச்சினை இல்லை என்றுதான் இருக்கிறது.

பதில்: டிரைவில் "டர்ட்டி" என்ற குறி, அதாவது சோதனை தேவை என்ற அடையாளம், விழுந்தபடியே இருக்கிறது. ஏன் விழுகிறது என்பது அப்ளிகேஷன் லாகில் தெரியாது, சிஸ்டம் லாகைத் திறங்கள். டிஸ்க் என்ற சோர்ஸில் 7 வந்தால் பேட் பிளாக், என்டிஎஃப்எஸ் சோர்ஸில் 55 வந்தால் ஃபைல் அமைப்பில் கோளாறு. கூடவே, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் ரீஅலோகேட்டட் செக்டார் (கெட்டுப்போனதால் மாற்றிய இடங்கள்), பென்டிங் செக்டார் (சந்தேகத்துக்குரிய இடங்கள்) எண்களைப் பாருங்கள். அவை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றுவதுதான் வழி. எண்கள் நன்றாக இருந்தால் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: பல மாதம் முன்பு ஓடிய செக்கின் பதிவு வேண்டும். ஈவென்ட் லாகில் காணோம்.

பதில்: லாக் நிரம்பினால் பழைய பதிவுகள் அழிந்து புதியவை ஏறும். இயல்பாக அதற்கு 20 எம்பிதான் இடம். ஆனால் அந்த டிரைவில் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்ற மறைவு ஃபோல்டருக்குள் செக்டிஸ்க் என்று ஒரு ஃபோல்டர் இருக்கக்கூடும். ரிப்போர்ட்டின் பிரதிகள் தேதியோடு அங்கே கிடக்கும். அட்மின் அனுமதி இருந்தாலும் விண்டோஸ் எளிதில் உள்ளே விடாது. அனுமதியை மாற்றித் திறந்தால் படித்துவிட்டு வெளியே வாருங்கள், மற்ற எதிலும் கை வைக்கவேண்டாம்.

கேள்வி: உபுண்டுவில் எப்படி சார்?

பதில்: டெர்மினலில், சிஸ்டம் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையை இந்த முறை ஆன் செய்ததற்கு மட்டும் கொடுத்து, எஃப்எஸ்சிகே என்ற சொல்லைத் தேடுங்கள். லினக்ஸில் டிஸ்க் செக் செய்யும் புரோகிராமின் பெயர் அது. "கிளீன்" என்று இருந்தால் நல்லது. உபுண்டு இருக்கும் ரூட் பார்ட்டிஷனின் சோதனை இன்னும் முன்னதாகவே நடந்துவிடும். அதன் ரிசல்ட் ரன் டைரக்டரிக்குள் இனிட்ராம்எஃப்எஸ் என்ற இடத்தில் எஃப்எஸ்சிகே.லாக் ஃபைலாக இருக்கும். அது மெமரியில் இருக்கும் இடம், ஷட்டவுன் செய்தால் போய்விடும். அதனால் பார்த்த உடனே காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கின் ஃபைல் அமைப்பு இஎக்ஸ்டி4 என்றால், கடைசியாகச் சோதித்த தேதியை டியூன்2எஃப்எஸ் கட்டளையும் காட்டும்.