மூன்று கிண்ணத் தேநீர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஊரிலிருந்து வந்த அக்கா குடும்பத்தை இங்கே சைனாடவுனில் ஒரு தேநீரகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். பட்டு உடுத்திய பெண் ஒருவர் மரத்தட்டு வைத்துத் தேநீர் போட்டுக் காட்டினார். முதல் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டார். உயரமான சின்னக் குவளையில் ஊற்றி, அதைக் கவிழ்த்து எடுத்து மோந்து பார்க்கச் சொன்னார். கடைசியில் குடிக்கக் கிடைத்தது இரண்டு மடக்கு. ஐயாயிரம் வருடச் சடங்கு என்றார். “இரண்டு மடக்குக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?” என்று அக்கா கேட்டார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையிலேயே அவ்வளவு பழையதா இது? அல்லது சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சியா?

கே., சிங்கப்பூர்

அன்புள்ள கே.,

நீங்கள் பார்த்ததில் இரண்டு காலங்கள் கலந்திருக்கின்றன. அந்த மோந்து பார்க்கும் குவளை, பட்டு உடை, மெல்லிசை எல்லாம் 1970களுக்குப் பிறகு தைவானின் தேநீரகங்களில் உருவானவை. அங்கிருந்துதான் சீனாவுக்கும் மற்ற ஊர்களுக்கும் போயின. அடியில் இருக்கும் முறை வேறு. அது குவாங்தோங் மாகாணத்தின் கிழக்கு மூலையில் உள்ள சாவ்சோ வட்டாரத்துடையது. சிங்கப்பூரில் தியோச்சியூச் சீனர்கள் என்கிறீர்களே, அவர்களுடைய பூர்வீகம். பெயர் குங்ஃபூ தேநீர். சண்டைக்குச் சொல்லும் அதே குங்ஃபூதான், பொறுமையாகப் பழகி அடையும் கைத்தேர்ச்சி.

ஐயாயிரம் என்பதை விட்டுவிடுங்கள். தேநீர் பழையது, போடும் முறை பலமுறை மாறிவிட்டது. ஆயிரம் வருடங்களுக்கும் முந்தைய தாங் அரசர்கள் காலத்தில் இலையை இடித்து அடையாகத் தட்டி வைத்து, வேண்டும்போது சுட்டுப் பொடித்து, உப்புப் போட்டுக் கொதிக்கவைத்தார்கள். அதற்குப் பின் வந்த சோங் அரசர்கள் காலத்தில் பொடியைக் கிண்ணத்தில் போட்டு நுரை பொங்க அடித்தார்கள். யாருடைய நுரை அதிக நேரம் நிற்கிறது என்று போட்டியே நடந்தது. வெள்ளை நுரை எடுப்பாகத் தெரியவேண்டும் என்று கறுப்புக் கிண்ணங்களைத் தேடி வாங்கினார்கள். ஜப்பானியர் இன்றைக்கும் பொடியை அடித்துக் குடிப்பது இந்த வழியில் வந்ததுதான். சீனாவில் அந்த வழக்கம் மங்கிப்போயிற்று. 1391ல் மிங் வம்சத்தின் முதல் மன்னர் ஜூ யுவான்ஜாங், அரண்மனைக்கு அடையாக அனுப்பவேண்டாம், இலையாகவே அனுப்புங்கள் என்று உத்தரவு போட்டார். அடை தட்டுவதில் குடியானவர்கள் படும் பாடுதான் காரணம். இலையை ஊறவைத்துக் குடிப்பது நாடெங்கும் நிலைத்தது. ஊறவைக்கக் கெண்டி வேண்டும், ஈசிங் ஊர்க் குயவர்கள் அதைச் செய்து பெயர் பெற்றார்கள். அப்புறம் ஃபூஜியன் மாகாணத்தின் வூயி மலையில் ஊலோங் இலை வந்தது, பச்சைத் தேயிலைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் இடைப்பட்ட பக்குவம்.

யுவான் மெய் என்ற கவிஞர், பெரிய சாப்பாட்டு ரசிகர், 1786ல் அந்த மலைக்குப் போனார். அதுவரை வூயி தேநீர் என்றால் கஷாயம் மாதிரி கசக்கும் என்று ஒதுக்கிவந்தவர். மலையில் துறவிகள் கொடுத்த கிண்ணம் வால்நட் அளவு, கெண்டி நாரத்தங்காய் அளவு. முதலில் மணத்தை முகர்ந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுவைத்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது என்று எழுதிவைத்திருக்கிறார். உங்கள் அக்காவின் கேள்விக்கு அவர் அனுபவம் பாதிப் பதில்.

மீதிப் பதில் சாவ்சோக்காரர் கையைக் கவனித்தால் கிடைக்கும். கெண்டி உள்ளங்கையில் அடங்கும் செம்மண் கெண்டி. அதில் முக்கால் அளவுக்கு இலை. பழைய வழக்கப்படி இலையை வெள்ளைத்தாளில் கொட்டி, பெரிய இலையையும் தூளையும் பிரிக்கிறார்கள். பெரிய இலை அடியிலும் மூக்கின் பக்கமும், தூள் நடுவில், மேலே மறுபடி பெரிய இலை. தூள் மூக்கை அடைக்காது, சாறும் சட்டென்று கசந்துவிடாது. தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றுகிறார்கள், இலை புரண்டு கொடுக்கும். மேலே திரளும் நுரையை மூடியால் வழித்துவிட்டு, மூடிய கெண்டியின் தலையிலும் வெந்நீர் விடுகிறார்கள், சூடு இறங்கக்கூடாது. முதல் தண்ணீர் முறுக்கிய இலையை இளக்கவும், தூசி போகவும். அதைக் கொட்டுவது வீண் இல்லை. இதற்கிடையில் கிண்ணம் கழுவுவது இருக்கிறதே, அதுதான் எனக்கு மிகவும் பிடித்த காட்சி. வெந்நீர் நிறைந்த ஒரு கிண்ணத்துக்குள் இன்னொரு கிண்ணத்தைப் பக்கவாட்டில் நிறுத்தி, விரல் நுனியால் சக்கரம் போலச் சுழற்றுவார்கள். பழகாதவர் விரல் சுட்டுக்கொள்ளும்.

கிண்ணங்களில் ஊற்றுவது தாழ்வாக, மணம் காற்றில் போய்விடக்கூடாது, நுரையும் கூடாது. மூன்று கிண்ணங்களும் ஒட்டி நிற்கும். கெண்டியை அவற்றின் மேல் வட்டமாக ஓட்டிக்கொண்டே ஊற்றுகிறார்கள். முதலில் விழுவது லேசு, பிறகு விழுவது திடம். ஒவ்வொன்றாக நிரப்பினால் ஒருவருக்கு வெந்நீர், ஒருவருக்குக் கஷாயம் என்றாகிவிடும். இந்தச் சுற்றலுக்கு, செம்முகத் தளபதி குவான் யூ நகரத்தை ரோந்து வருகிறார் என்று பெயர். கடைசிச் சொட்டுகளை இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று பங்கிடுவதற்கு, ஹான் வம்சத்தை நிறுவ உதவிய தளபதி ஹான் ஷின் படையை எண்ணுகிறார் என்று பெயர். அந்தச் சொட்டுகள்தான் மிகத் திடமானவை. கெண்டியில் விட்டுவைத்தால் அடுத்த ஈடு கசந்துபோகும்.

ஆக, நீங்கள் சடங்கு என்று பார்த்தவற்றில் பெரும்பகுதி ருசிக்கான வேலை. மற்றது மரியாதை. எத்தனை பேர் இருந்தாலும் பெரும்பாலும் மூன்று கிண்ணம்தான். ஐந்து பேர் இருந்தால் முதல் ஈடு மூத்தவர்களுக்கும் விருந்தாளிக்கும், போட்டவர் கடைசியில். “நீங்கள் எடுங்கள், நீங்கள் எடுங்கள்” என்று ஒருவரை ஒருவர் உபசரித்துக்கொண்டே இருப்பார்கள். கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பினால் விருந்தாளியை அவமதித்ததாகும், எடுத்தால் கை சுடும். நடுவில் புதிதாக ஒருவர் வந்தால் பழைய இலையைக் கொட்டிவிட்டுப் புது இலை போடவேண்டும். வெளிறிய தேநீரை நீட்டினால், வந்தவர் போகட்டும் என்று அர்த்தமாகிவிடும்.

2008ல் சீன அரசு இதைத் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2022ல் யுனெஸ்கோ சீனத் தேநீர் மரபுகளை அங்கீகரித்தபோது இதுவும் உள்ளே இருந்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, சாவ்சோவில் இரும்புக்கடையிலும் மருந்துக்கடையிலும்கூடத் தேநீர்த் தட்டு இருக்கிறது என்பதுதான். அடுப்புக்கரி போய் மின்கெட்டில் வந்துவிட்டது, பல இடங்களில் கெண்டிக்குப் பதில் மூடிபோட்ட பீங்கான் கிண்ணம். உபசரிப்பு அப்படியே இருக்கிறது. யாரும் அதைச் சடங்கு என்று நினைப்பதில்லை.

பட்டு உடைக் காட்சியைத் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் ஊரிலேயே பழைய பக் குட் தே என்ற பன்றி எலும்புச் சூப் கடைகளில் மேசைமேல் இதே சின்னக் கெண்டியும் கிண்ணங்களும் வருகின்றன. பன்றிக்கறி சாப்பிடாவிட்டாலும், ஒருமுறை பக்கத்து மேசைப் பெரியவர்களின் கையைப் பாருங்கள்.

வீட்டில் போட ஆசை என்றால் 100 மில்லி கெண்டிக்கு 7, 8 கிராம் ஊலோங் போதும். சாவ்சோவின் ஃபெங்ஹுவாங் மலை இலை கிடைத்தால் விடாதீர்கள். அதில் ‘வாத்து எச்ச மணம்’ என்று ஒரு ரகம் உண்டு. அடுத்தவர் கன்று கேட்டுவிடக்கூடாது என்று மரத்துக்காரர் வைத்த பெயர் என்கிறார்கள், மணமோ பூ மணம். கொதிக்கும் நீரை விட்டுச் சில விநாடிகளில் வடித்துவிடுங்கள், ஏழெட்டு ஈடு வரும். வெறும் வயிற்றில் மட்டும் வேண்டாம், தலை சுற்றும். சாப்பிட்ட பிறகு போடுங்கள்.