கடலிலேயே கழியும் ஒரு நாள்

கேள்வி: மே விடுமுறையில் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போய், அங்கிருந்து மூன்று இரவுக் கப்பல் பயணமாகப் பினாங்கு சென்று திரும்புகிறோம். நான், கணவர், பத்து வயதிலும் பதினான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள், அறுபத்தெட்டு வயது மாமியார். மூன்றாம் நாள் கப்பல் எங்கும் நிற்காதாம். ‘காசு கொடுத்து ஒரு நாளை வீணாக்குகிறோம்’ என்கிறார் கணவர். மாமியாருக்குப் பஸ் பயணமே தலைசுற்றும். அந்த நாளை எப்படிக் கழிப்பது?
— வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கணவரைப் போலத்தான் நானும் முதல் பயணத்தில் நினைத்தேன். கொடுத்த காசுக்குக் கணக்குப் பார்த்து, அறைக்கு வந்த நிகழ்ச்சி நிரலில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு, காலை நடன வகுப்பிலிருந்து இரவு மேஜிக் வரை ஓடினேன். வீட்டுக்கு வந்ததும் அக்கா மகள், ‘கடல் என்ன நிறத்தில் இருந்தது சித்தி?’ என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எனவே நிரலில் ஆளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். ஐந்து பேரும் நாள் முழுக்க ஒன்றாகவே திரியவும் வேண்டாம். பிள்ளைகள் நீச்சல் குளத்துக்குப் போகட்டும்; ஆனால் பல கப்பல்களில் குளத்துக்குக் காவலர் கிடையாது, சின்னவனுக்கோ சின்னவளுக்கோ பெரியவர் ஒருவர் துணை வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு இத்தனை மணி, இந்த இடம் என்று காலையிலேயே பேசிவைத்துவிடுங்கள். கைப்பேசியை நம்பாதீர்கள். அது கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைத் தானாகப் பற்றிக்கொண்டால், அடுத்த மாத பில்லைப் பார்த்து உங்களுக்குத்தான் தலைசுற்றும். ஏறியதுமே விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள்.

மாமியாரைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். நீங்கள் போகும் மலாக்கா நீரிணை, ஒரு பக்கம் சுமத்ராவும் மறுபக்கம் மலேசியாவும் அணைத்து நிற்கும் கடல். வங்கக் கடல் போல அலை எழும்பாது. ஆனால் மே மாதத்தில் விடியற்காலையில் திடீரென்று காற்றும் மழையுமாக ஒரு வீச்சு வரக்கூடும். அதற்குப் பெயரே ‘சுமத்ரா’தான். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அறை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளமாகக் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. உடல் அசைவதைக் காது உணர்கிறது, கண்ணுக்கோ அறைச் சுவர் அசையாமல் நிற்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டுகிறது. ஆகவே தலை கனத்தால் படுக்கச் சொல்லாமல், திறந்த தளத்துக்கு அழைத்துவந்து தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிறு கூடாது. முந்தானையில் இஞ்சி மரப்பா நாலு துண்டு இருக்கட்டும். மாத்திரை வேண்டுமென்றால் ஊரிலேயே அவருடைய மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். அந்த வகை மாத்திரைகளில் பல தூக்கத்தைத் தரும், குமட்டல் வருமுன் போட்டால்தான் பயன்.

இனி கடல். அங்கே சூரியன் உதிப்பதே ஏழு மணியை ஒட்டித்தான். அலாரம் வைத்து அவதிப்பட வேண்டாம். திரும்பும் வழியில் கப்பல் தென்கிழக்கே போகும். விடியலைப் பார்க்கக் கப்பலின் முன்பக்கத்தில் இடக்கைப் பக்கமாக நில்லுங்கள். மாலையில், அதுவும் ஏழு மணிக்கு மேல்தான், பின்பக்கத்தில் வலக்கைப் பக்கம். கப்பல் போகும் திசையைப் பார்த்து நின்றால் வரும் இடம், வலம்தான் இரண்டும். எல்லாரும் கூடும் இடத்தில் ஒரு மூலையில் நின்றுகொண்டு ‘சூரியன் எங்கே’ என்று தேடும் கூட்டத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

நடுப்பகலில் இடப்பக்கத் தளத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். உலகின் மிக நெரிசலான கடல்வழிகளில் இந்த நீரிணையும் ஒன்று. சாலை போலவே போக வர தனித்தனித் தடங்கள். கப்பல்கள் வலப்பக்கம் ஒதுங்கிப் போகும். ஆகவே எதிரே வருபவை உங்கள் இடப்பக்கமாகக் கடக்கும். கன்டெய்னர்களை அடுக்கிய கப்பல் ஒன்று, அதன் பின்னால் எண்ணெய்க் கப்பல் ஒன்று. முப்பது மீட்டர் உயரத் தளத்திலிருந்து தொடுவானம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். முதலில் மேல்தட்டு மட்டும் தெரியும், பிறகுதான் உடல் மேலெழும். பெரிய பிள்ளையிடம் இதைக் கவனிக்கச் சொல்லுங்கள். பூமி உருண்டை என்று பாடத்தில் படித்தது கண்ணெதிரே நடக்கும்.

மாமியாரிடம் ‘ரஜூலா’ என்று சொல்லிப் பாருங்கள். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நம் ஆட்களை ஏற்றி இறக்கியது. என் பெரியம்மா அதில் தளத்திலேயே பாய் விரித்துப் படுத்துப் போனவர். நாகப்பட்டினத்தில் கலங்கலாக இருந்த தண்ணீர் எப்போது கருநீலமானது என்பதைத்தான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் மாமியாரின் உறவிலும் அப்படி யாராவது போயிருப்பார்கள். கதை கிளம்பினால் மேஜிக் நிகழ்ச்சியை விட்டுவிடுங்கள்.

ஒன்று மறந்தேன். அன்றிரவு பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். காலையில் கரையில்தான் திரும்பக் கிடைக்கும். மறுநாள் உடை, பாஸ்போர்ட், மாமியாரின் மாத்திரைகள் மூன்றையும் கைப்பையில் எடுத்துவைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டுங்கள்.