உடம்பே உடம்பைத் தாக்குவது ஏன்? கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், எனக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது முடக்குவாதம் என்று சொல்லிவிட்டார்கள். எதிர்ப்பு சக்தி குறைந்துபோனதால் வந்ததா? கஷாயம், பொடி என்று எதையாவது சாப்பிட்டு ஏற்றிக்கொள்ளலாமா?

பதில்: குறையவில்லை, தடம் மாறி உங்கள் உடம்பையே தாக்குகிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. கிருமிகளோடு போராடும் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்கள் அங்கேதான் பக்குவப்படுகின்றன. நம் சொந்தப் புரதங்கள்மேல் பாயும் செல்கள் பெரும்பாலும் அங்கேயே அழிந்துவிடும். சில தப்பிவிடும், எல்லோருக்கும் தப்பும். அவற்றை வெளியே அடக்கி வைப்பவை ரெகுலேட்டரி டி செல்கள். இவற்றைப் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான் 2025-இல் ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தால், மூட்டின் உட்சவ்வுக்குள் செல்கள் புகுந்து வீக்கத்தைக் கிளப்பும். கவனிக்காமல் விட்டால் எலும்பையே அரித்துவிடும். ஆகவே ஏற்றுவதற்கு ஒன்றுமில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பொடிகளைத் தொடவே தொடாதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். சட்டென்று வலி குறைவதும் அதனால்தான்.

கேள்வி: எங்கள் பரம்பரையிலேயே யாருக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் கிடையாதே, எனக்கு மட்டும் எப்படி?

பதில்: ஜீன் மட்டுமே காரணம் என்றால், ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் இன்னொருவருக்கும் வந்தே தீர வேண்டும். அப்படி வருவதில்லை. வெளியிலிருந்தும் ஒரு தூண்டுதல் வேண்டும். உங்கள் நோயில் நன்றாகத் தெரிந்தது புகையிலைப் புகை. அது நுரையீரலில் சில புரதங்களின் அமைப்பை மாற்றுகிறது, அவற்றுக்கு எதிராக ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் உருவாகிறது. ஆன்டி சிசிபி என்ற ரத்த டெஸ்டில் தேடுவது அதைத்தான். மூட்டு வலிக்க ஆரம்பிப்பதற்குப் பல வருடங்கள் முன்பே அது ரத்தத்தில் இருக்கலாம்.

கேள்வி: பையனுக்கு 9 வயது. தொண்டை வலி வந்து சரியாகி மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வீங்கி வடிந்து, இப்போது கணுக்கால் வலிக்கிறது என்கிறான். காய்ச்சலும் இருக்கிறது. வளர்கிற வயசு வலியா?

பதில்: அப்படி நினைத்து விட்டுவிடாதீர்கள், இன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வலி ஒரு மூட்டை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் புரதமும் இதயத்தில் உள்ள சில புரதங்களும் சாயலில் ஒன்று. கிருமிக்காகத் தயாரான ஆன்டிபாடியும் டி செல்லும் இதயத்தையும் தாக்கிவிடும். மூட்டு பழையபடி ஆறிவிடும். இதயத்தில் உள்ள மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டால் ஆறாது. எனக்குக் கவலையே அதுதான். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள், மறுக்காதீர்கள். நோய் உறுதியானால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி, அதுவும் பல வருடங்களுக்கு. பையன் நன்றாக ஓடியாடுகிறானே என்று நடுவில் நிறுத்திவிடக் கூடாது.

கேள்வி: ஏ.என்.ஏ. என்ற ரத்த டெஸ்ட் பாசிட்டிவ். உடம்பே தன் பல உறுப்புகளைத் தாக்கும் லூப்பஸ் நோயா என்று பயத்தில் தூக்கமே இல்லை.

பதில்: நோயே இல்லாத பலருக்கும் குறைந்த அளவில் பாசிட்டிவ் வரும். முகத்தில் தடிப்பு, மூட்டு வீக்கம், சிறுநீரில் புரதம் இப்படி ஏதாவது இருந்தால்தான் அந்த ரிப்போர்ட்டுக்கு அர்த்தம். மருத்துவர் ஒருமுறை பரிசோதிக்கட்டும், நிம்மதியாகத் தூங்குங்கள்.

கேள்வி: ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸுக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை டாக்டர் வாரம் ஒரு தடவைதான் எழுதியிருக்கிறார். வலி தாங்காத நாட்களில் கூடுதலாகப் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உருவாவதே நின்று உயிருக்கு ஆபத்தாகிவிடும். எந்தக் கிழமை என்று அட்டையிலேயே பேனாவால் எழுதி வையுங்கள். ஃபோலிக் ஆசிட் வேறு நாளில். வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் மருத்துவரைப் பாருங்கள். குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மருந்தை மாற்றித் தருவார்.