பூவைப் பாருங்கள், காயைப் பாருங்கள்: களைச்செடி கேள்வி-பதில்

கே: வரப்போரம் செவ்வந்தி இலை போல வெட்டுப்பட்ட இலையோடு ஒரு செடி. பார்த்தீனியமா?

ப: இளசில் தரையோடு வட்டமாகப் படர்ந்து, வளர்ந்த பின் தண்டில் நீளவாக்கில் வரிப்பள்ளம், நுனியில் மிளகளவு வெள்ளைப் பூக்கள் வந்தால் அதேதான். பூக்கும் முன்பே வேரோடு பிடுங்குங்கள். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். கையுறை கட்டாயம், தோல் அரிப்பு வந்தபின் எழுதிக் கேட்டுப் பயனில்லை.

கே: உண்ணிச்செடி அழகாகப் பூக்கிறது. வேலிக்கு வைக்கலாமா?

ப: கூடாது. சதுரத் தண்டு, வளைந்த முள், ஒரே கொத்தில் இரண்டு மூன்று நிறப் பூ என்று பார்த்தாலே தெரியும். கருத்த பழத்தைப் பறவைகள் தின்று ஊரெல்லாம் விதைத்துவிடும்.

கே: தரிசு முழுக்க முள்மரம். எல்லாம் சீமைக்கருவேலம்தானே, பொக்லைன் விட்டு வழித்துவிடலாமா? இலைப் படம் இணைத்திருக்கிறேன்.

ப: இலையை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது? இந்த அவசரத்தில்தான் நாட்டுக்கருவேலமும் வன்னியும் சேர்ந்து சாகின்றன. மூன்றுக்கும் சின்னச் சின்ன இலைதான். நாட்டுக்கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. காய் ஒவ்வொரு விதைக்கும் நடுவே இறுகியிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ விரல் நீளக் கதிர். காய் அப்படி இறுகாமல் நீளமாக இருக்கும், பழுத்தால் வைக்கோல் நிறம். சரி, வன்னிக்கும் கதிர்ப்பூதானே என்பீர்கள். அங்கே முள்ளைப் பாருங்கள். சீமைக்கருவேலத்தில் நீள முள், இலைக்கணுவில், பெரும்பாலும் ஜோடியாக. வன்னியில் குட்டையான கூம்பு முள், கணுக்களுக்கு நடுவே சிதறியிருக்கும். பூவோ காயோ வரும்வரை பொறுத்து, சீமைக்கருவேலத்துக்கு மட்டும் சுண்ணாம்புக் குறி போட்டுவிட்டு அப்புறம் இயந்திரத்தைக் கூப்பிடுங்கள். மேலோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். தூரோடு எடுக்க வேண்டும். காய் தின்ற ஆடுமாடுகளின் சாணத்திலும் விதை முளைக்கும், அதையும் கவனியுங்கள்.

கே: படத்தில் இருப்பது என்ன செடி?

ப: உங்கள் விரல்தான் தெளிவாகத் தெரிகிறது. பூ, காய், தண்டு, முள் தெரிகிற படம் அனுப்புங்கள்.

கே: நெய்வேலிக் காட்டாமணக்கும் காட்டாமணக்கும் ஒன்றா?

ப: இல்லை. முன்னதில் இளஞ்சிவப்புப் புனல் பூ, பின்னதில் சிறிய மஞ்சள்பச்சைப் பூ. முன்னதை வெட்டி ஈரத்தில் போட்டால் வேர்விடும்.

கே: குளத்தை மூடியிருப்பது ஆகாயத்தாமரையா, வெங்காயத்தாமரையா?

ப: இலைக்காம்பு உப்பிப் பஞ்சாக இருந்து ஊதாப் பூ பூத்தால் வெங்காயத்தாமரை. காம்பே இல்லாமல் வெல்வெட் இலை அடுக்காக விரிந்தால் ஆகாயத்தாமரை. எதுவானாலும் அள்ளியதைக் கரையிலேயே குவிக்காதீர்கள். அடுத்த மழையில் குளத்துக்கே திரும்பிவிடும்.