டிஎன்டி போட்டும் லோன் கால் நிற்கவில்லையே: வாசகர் கேள்விகள்

விளம்பரக் கால், எஸ்எம்எஸ் தொல்லை பற்றி வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பாதி கேள்வியே இல்லை, வெறும் வசவு. நியாயமான வசவுதான், ஆனாலும் பதில் சொல்ல வழியில்லை.

டிஎன்டி-யில், அதாவது விளம்பரத் தொல்லை வேண்டாம் என்று பதியும் பட்டியலில், பதிந்து பல வருஷம் ஆகிறது. இன்னும் தினமும் "சார், பெர்சனல் லோன் வேணுமா?" சட்டம் என்று ஒன்று இருக்கிறதா, இல்லையா?

இருக்கிறது, பாதி வேலை செய்கிறது. 2007-ல் டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இந்தப் பதிவேட்டைக் கொண்டுவந்தது, 2010-ல் விதிகளை மாற்றியது, 2018-ல் புதிதாக எழுதியது, 2025 பிப்ரவரியில் அதையும் திருத்தியது. முறையாகப் பதிவு செய்து 140-ல் தொடங்கும் எண்ணிலிருந்து கூப்பிடும் கம்பெனிகள் ஓரளவு அடங்கிப்போயின. மற்றவர்கள் சாதாரணப் பத்து இலக்க சிம்மை வாங்கிக்கொண்டு அதிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். உங்கள் டிஎன்டி விருப்பம் சரிபார்க்கப்படுவது பதிவு பெற்றவர் போகும் பாதையில் மட்டும்தான். தனிநபர் சிம்மிலிருந்து வரும் காலை, உங்கள் மாமா கூப்பிடுகிறார் என்றுதான் நெட்வொர்க் எடுத்துக்கொள்ளும்.

இவர்களைப் பிடிக்க நம் கையில் இருப்பது புகார் ஒன்றுதான். முன்பு ஒரு எண் மீது 7 நாளில் 10 புகார் வந்தால்தான் நடவடிக்கை, இப்போது 10 நாளில் 5 புகார் போதும். டெலிகாம் நிறுவனம் நடவடிக்கை எடுக்க இருந்த 30 நாள் அவகாசமும் 5 நாளாகக் குறைந்துவிட்டது. முதல் தடவை மாட்டினால் கூப்பிட்டவர் 15 நாள் வெளியே பேச முடியாது, மறுபடி மாட்டினால் அவர் பெயரில் இருக்கும் இணைப்பு எல்லாமே ஒரு வருஷத்துக்குக் காலி. ஐந்தே பேர்! ஆனால் நாம் என்ன செய்கிறோம், பிளாக் செய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம், அவன் அதே எண்ணை வைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறான். 7 நாளுக்குள் 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள், அல்லது டிராயின் டிஎன்டி செயலியில் போடுங்கள். வந்த எண், தேதி, என்ன விஷயம் என்று ஒரு வரி, அவ்வளவுதான். பத்து இலக்க எண் மீது புகார் சொல்ல டிஎன்டி-யில் பதிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

விளம்பர எஸ்எம்எஸ் எது, பேங்க் அனுப்பும் தகவல் எது என்று எப்படிப் பிரிப்பது?

அனுப்புநர் பெயரின் கடைசி ஆங்கில எழுத்தைப் பாருங்கள். பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. உங்கள் கணக்கு விவரம் என்ற சாக்கில் எஸ் போட்டு கிரெடிட் கார்டு விற்றால் அதுவும் புகாருக்கு உரியதுதான். விளம்பரமே வேண்டாம் என்றால் 1909-க்கு ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று எழுதி, இடைவெளி விட்டு 0 போட்டு அனுப்புங்கள். ஓடிபி நிற்காது, பயப்பட வேண்டாம்.

வாட்ஸ்ஆப்பில் வரும் பிளாட் விளம்பரத்துக்கு 1909-ல் புகார் எடுப்பார்களா?

மாட்டார்கள். டிராய் விதி கால், எஸ்எம்எஸ் இரண்டோடு முடிந்துவிடுகிறது. பெரிய ஓட்டையே இதுதான், எஸ்எம்எஸ்ஸை இறுக்க இறுக்க விளம்பரக்காரர்கள் அங்கே குடிபோய்விட்டார்கள். எண்ணை எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்க 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் வந்தது 2025 நவம்பரில், அதிலும் முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அதுவரை ரிப்போர்ட், பிளாக், வேறு வழியில்லை.

சின்ன ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். பழைய வாடிக்கையாளர்களுக்கு என் சொந்த நம்பரிலிருந்து தீபாவளி ஆஃபர் எஸ்எம்எஸ் அனுப்பலாமா?

வேண்டாம் அண்ணாச்சி. சட்டத்தின் கண்ணில் நீங்களும் பதிவு பெறாத டெலிமார்க்கெட்டர்தான், லோன் விற்பவருக்கும் உங்களுக்கும் அங்கே வித்தியாசம் கிடையாது. ஐந்து பேர் எரிச்சலில் புகார் போட்டால் சீசன் நேரத்தில் கடை நம்பர் முடங்கிவிடும். பில் போடும்போது நம்பர் கொடுத்தார்கள், அதனால் சம்மதம் என்பதும் செல்லாது. ஒரு பரிவர்த்தனையை வைத்துக் கிடைக்கும் சம்மதத்துக்கு ஆயுள் 7 நாள், அதுவும் அந்தப் பரிவர்த்தனை சம்பந்தமான தகவலுக்கு மட்டும். முறையாகச் செய்வதென்றால் டெலிகாம் நிறுவனத்தின் டிஎல்டி தளத்தில் (வணிக எஸ்எம்எஸ் அனுப்புபவர்களைப் பதியும் ஆன்லைன் தளம்) கடையைப் பதிந்து, அனுப்புநர் பெயர் வாங்கி, செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிய வேண்டும். சிறு கடைக்கு இது தலைவலி என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெரிய கம்பெனிக்கு இதற்கென்றே ஆள் இருக்கிறார்கள், உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? இந்த விதிகளில் எனக்குப் பிடிக்காத இடம் இது.

புகார் போட்டால் எனக்கு ஏதாவது நஷ்டஈடு கிடைக்குமா?

இந்த விதிகளின்படி ஒரு பைசா கிடையாது. புகார் எண்ணிக்கையைத் தவறாகக் காட்டும் டெலிகாம் நிறுவனத்துக்கு 2 லட்சம், 5 லட்சம், அப்புறம் ஒவ்வொரு தடவையும் 10 லட்சம் என்று தண்டம் உண்டு, அது உங்கள் கைக்கு வராது. அமெரிக்காவில் 1991-ம் வருஷச் சட்டப்படி, விதி மீறி வந்த ஒவ்வொரு காலுக்கும் 500 டாலர் கேட்டு நீங்களே கோர்ட்டுக்குப் போகலாம், வேண்டுமென்றே செய்ததென்றால் 1,500 வரை. அங்கேயும் ரோபோ கால் ஒழியவில்லை என்பது வேறு விஷயம், ஆனால் கம்பெனிக்கு வக்கீல் நோட்டீஸ் பயமாவது இருக்கிறது.

"உங்கள் பார்சல் நிற்கிறது, லிங்கை அழுத்துங்கள்" என்று வருகிறதே, இதற்கும் 1909தானா?

இல்லை, இது மோசடி. அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் யோசிக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.