வில்லங்கச் சான்றில் தெரியாத வாரிசுகள்: குமரி மாவட்ட நில விற்பனை குறித்த கேள்வி பதில்

நிலம் வாங்குவோரும் விற்போரும் அனுப்பிய கேள்விகளுக்கு, குமரி மாவட்டத்தில் சொத்து வழக்குகளையும் பத்திரப் பரிசீலனையையும் கவனித்துவரும் வழக்கறிஞர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி (தக்கலை): ஐயா, பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறது. முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றிலும் எந்தப் பாக்கியும் இல்லை. இவை போதுமா?

பதில்: போதாது. பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவு. அது மட்டுமே ஒருவருக்கு உரிமையைத் தந்துவிடாது. வில்லங்கச் சான்றோ பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். பதிவு செய்யப்படாத உயில், நிலுவையில் உள்ள பாகப்பிரிவினை வழக்கு, உயில் எழுதாமல் இறந்தவரின் பிள்ளைகளுக்குப் பிறந்த உரிமை ஆகியவை பெரும்பாலும் அதில் வருவதில்லை. ஆகவே தாய்ப்பத்திரத்திலிருந்து (உரிமை தொடங்கும் மூலப் பத்திரம்) இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறாமல் வருகிறதா என்று பார்த்து, இடையில் யாராவது இறந்திருந்தால் அவருக்கு எத்தனை வாரிசுகள், அவர்களில் யார் யார் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்பதைத் தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றிதழோடு ஒப்பிட வேண்டும். என்னிடம் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த ஓர் இடத்தில்தான் தொடங்குகின்றன.

கேள்வி (கருங்கல்): நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா 1979-இல் உயில் எழுதாமல் இறந்தார். அம்மாவும் பின்னர் காலமானார். அக்காவுக்குத் திருமணத்தின்போதே நகையும் பணமும் கொடுத்தாயிற்று. இப்போது விளையை (தோட்ட நிலத்தை) விற்க அவர் கையெழுத்து வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். ‘ஸ்ரீதனம் வாங்கியவளுக்குப் பங்கு இல்லை’ என்ற எண்ணம் இங்கே வேரூன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, மகனுக்குக் கிடைக்கும் பங்கில் நான்கில் ஒன்று, அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான் மகளுக்கு உரியது. அது ஸ்ரீதனமாகக் கொடுக்கப்பட்டுவிட்டால் அவள் வேறு எதையும் கேட்க முடியாது. அதுவரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்த பின்னரும் அந்தச் சட்டம் இங்கே செல்லுபடியாகுமா என்ற ஐயம் நீடித்தது. சென்னை உயர் நீதிமன்றமே 1970-களில் ஒன்றுக்கொன்று மாறான தீர்ப்புகளை வழங்கியது. 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே அந்தப் பழைய சட்டம் ஒழிந்துவிட்டது என்றும், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்றும் தீர்த்துவைத்தது.

அதன்படி உங்கள் தந்தையின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு தாயாருக்கும், மீதி மூன்றில் இரண்டு பங்கு ஆண், பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகவும் சென்றது. தாயாரும் உயில் எழுதாமல் இறந்திருந்தால் அவர் பங்கும் அவ்வாறே பிரியும். நீங்கள் நீண்டகாலமாகத் தனித்து அனுபவித்துவந்ததை நீதிமன்றத்தில் எதிர்வாதமாக வைக்கலாம் என்றாலும், அந்த வாதத்தை நம்பிப் பணம் கொடுக்கும்படி எந்த வாங்குபவருக்கும் நான் கருத்துரை எழுத மாட்டேன். அக்காவை விற்பனைப் பத்திரத்தில் விற்பவர்களில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்; அல்லது அவரிடமிருந்து முன்கூட்டியே, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து வாங்குங்கள். இந்துக் குடும்பங்களிலும், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தபின் உயிலின்றி இறந்த தந்தையின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கு மகனோடு சம பங்கு உண்டு என்பதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி (திருவட்டாறு): மூலப்பிரமாணம் (பழைய மூலப் பத்திரம்) மலையாளத்தில், 1118-ஆம் ஆண்டு என்று இருக்கிறது. இதை எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: அது கொல்லம் ஆண்டு. 825-ஐக் கூட்டினால், ஒரு சில மாத வேறுபாட்டோடு ஆங்கில ஆண்டு கிடைக்கும். உங்கள் பிரமாணம் 1942-43-ஐச் சேர்ந்தது. மலையாளம் அறிந்த ஒருவரிடம் வரிக்கு வரி மொழிபெயர்த்து வாங்குங்கள். அதிலுள்ள பழைய சர்வே எண்ணும் இன்றைய பட்டாவிலுள்ள மறு சர்வே எண்ணும் வேறாக இருக்கும் என்பதால், இரண்டும் ஒரே நிலம்தான் என்பதை வருவாய்ப் பதிவேடுகளைக் கொண்டு உறுதி செய்த பிறகே மேலே செல்ல வேண்டும். ஒற்றி (அனுபவ அடமானம்) வைத்த நிலமாக இருந்தால், அந்த ஒற்றி மீட்கப்பட்டதற்கான பத்திரத்தையும் கேளுங்கள்.

கேள்வி (குளச்சல்): தம்பி துபாயில் இருக்கிறான். அவன் அனுப்பும் பவர் பத்திரத்தை வைத்து நான் விற்கலாமா?

பதில்: விற்கலாம். அங்குள்ள இந்தியத் தூதரக அலுவலகத்தில் சான்றொப்பம் பெற்று, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். தம்பி உயிரோடு இருப்பதற்கான சான்றையும் பதிவின்போது கேட்பார்கள். அதிகாரம் கொடுத்தவர் இறந்தால் சாதாரண பவர் அன்றோடு முடிந்துவிடும். ஆனால் பவர் பத்திரத்தையே விற்பனையாகக் கருதிப் பணம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே கூறிவிட்டது. வெளிநாட்டில் வசிப்பவரின் பங்குக்குப் பணம் கொடுக்கும்போது வாங்குபவர் வருமான வரி பிடித்தம் செய்ய வேண்டியிருப்பதால், ஆடிட்டர் ஒருவரை முன்பே கலந்துகொள்வது நல்லது.

கேள்வி (நாகர்கோவில்): முத்திரைத்தாளில் கையெழுத்திட்டு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன், பதிவு செய்யவில்லை.

பதில்: தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்வது கட்டாயம். கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதம் கடக்கவில்லை என்றால் இப்போதே பதிவு செய்யுங்கள். விற்பவர் மறுத்தால் ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரி வழக்கிட மூன்று ஆண்டுகள்தான் அவகாசம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால் பெற்றவருக்கு அதே அளவு தொகை அபராதமாகலாம். அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள்.

கேள்வி (மார்த்தாண்டம்): மொத்தச் செலவு எவ்வளவு ஆகும்?

பதில்: விற்பனைக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதன்மீது இவை கணக்கிடப்படும்.

கேள்வி (பூதப்பாண்டி): பதிவு முடிந்தது. இனி என்ன செய்ய வேண்டும்?

பதில்: முழுச் சர்வே எண்ணையும் வாங்கியிருந்தால் பட்டா மாறுதல் எளிது. ஒரு பகுதியை வாங்கியிருந்தால் உட்பிரிவு செய்ய நில அளவர் வந்து அளக்க வேண்டும். அந்த அளவீட்டைப் பதிவுக்கு முன்பே தனியாகச் செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில் பத்திரத்தில் பத்து சென்ட் என்று இருந்தாலும், கையாலைக்கு (எல்லைச் சுவருக்கு) உள்ளே அவ்வளவு இல்லாமல் போவதை இங்கே அடிக்கடி காண்கிறோம். அளக்கும் நாளில் பக்கத்து நிலத்துக்காரர்களையும் அழைத்து, சாலையிலிருந்து உங்கள் நிலத்துக்கு வரும் வழி நடைபாதையா, வண்டி செல்லும் பாதையா, எத்தனை அடி அகலம் என்பதையும் அவர்கள் முன்னிலையில் பார்த்துக்கொள்ளுங்கள். பத்திரத்தின் சொத்து விவரத்தில் அந்த வழி எழுதப்படாமல் விடுபட்டிருந்தால், விற்றவர் ஒத்துழைக்கும் நிலையில் இருக்கும்போதே பிழைதிருத்தல் பத்திரம் போட்டுக்கொள்ளுங்கள்.