வீட்டு ஈ.வி. சார்ஜர் கோளாறு: எர்த்தை முதலில் பாருங்கள் (கேள்வி பதில்)

வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் வீட்டிலேயே வண்டிக்கு சார்ஜ் போடுகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. வயரிங்கும் சார்ஜர் பொருத்துவதும்தான் என் தொழில். பெட்டியைத் திறக்கிற வேலை எதுவானாலும் மெயினை ஆஃப் செய்துவிட்டு எலக்ட்ரீஷியனை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

சத்துவாச்சாரி: அண்ணா, சுவரில் மாட்டிய 7.2 கிலோவாட் சார்ஜர் மழைக்காலத்தில் நன்றாக ஓடியது. ஏப்ரலில் இருந்து சிவப்பு விளக்கு எரிந்து எர்த் கோளாறு காட்டுகிறது. நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து ஜம்பர் (இணைப்பு வயர்) போட்டால் சரியாகிவிடும் என்கிறார் எலக்ட்ரீஷியன். போடலாமா?

போடவே போடாதீர்கள் தம்பி. ஜம்பர் போட்டால் சார்ஜர் ஏமாந்து பச்சை விளக்கு காட்டும், அவ்வளவுதான். ஒருநாள் கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் அறுந்தாலோ மீட்டர் பக்கம் லூஸானாலோ, வீட்டில் ஓடுகிற ஃபேன், ஃபிரிட்ஜ் வழியாக வரும் கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் அந்த ஜம்பரில் ஏறி எர்த் வயருக்கு வரும், எர்த்தும் மோசம் என்பதால் காரின் பாடியிலேயே ஆளைக் கொல்லும் வோல்டேஜ் நிற்கும். கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்சான ஆர்.சி.சி.பி.க்கு முன்னால், அதாவது மீட்டர் பக்கமாக, ஜம்பர் இருந்தால் அதுவும் ட்ரிப் ஆகாது. செருப்பில்லாமல் காரைத் தொடும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். நம் பக்கம் இந்த வேலையைச் சர்வசாதாரணமாகச் செய்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஏப்ரலில் வந்ததற்குக் காரணம் மண். ஊரைச் சுற்றிப் பாறை, பாலாற்றங்கரைப் பக்கம் மணல். ஈரம் இருக்கும்வரை எர்த் நன்றாக இருக்கும்; காய்ந்தால் ரெசிஸ்டன்ஸ் ஏறிவிடும். எர்த் டெஸ்டர் வைத்துக் கோடையிலேயே அளக்கச் சொல்லுங்கள், மழை பெய்த மறுநாள் அளந்தால் பொய்க் கணக்குதான் வரும். 5 ஓமுக்குள் இருந்தால் எனக்குத் திருப்தி. பழைய குழியில் தண்ணீர் விட்டுப் பாருங்கள், குழாய்த் தலையில் உள்ள கிளாம்ப் துருப்பிடித்திருந்தால் மாற்றுங்கள். அப்படியும் இறங்கவில்லை என்றால் செப்புப் பூச்சுள்ள எர்த் ராடும் பென்டோனைட் (ஈரம் பிடித்துவைக்கும் களிமண்) கலந்த பவுடரும் போட்டுப் புதுக் குழி எடுத்து, பழைய எர்த்தோடு இணைத்துவிடுங்கள். சில அடியிலேயே பாறை தட்டினால் இரண்டு ராடு, நடுவில் குறைந்தது ஒரு ராடு நீள இடைவெளி.

இன்னொன்று, லோடு ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட் இருப்பது சாதாரணம். பத்தைத் தாண்டினால் கோளாறு. லோடு இருந்தும் சுத்தமாகப் பூஜ்யம் காட்டினால், ஏற்கெனவே யாரோ ஜம்பர் போட்டு வைத்திருக்கிறார்களா என்று தேடச் சொல்லுங்கள்.

காட்பாடி: காரோடு வந்த போர்ட்டபிள் சார்ஜரை 15 ஆம்ப் பிளக்கில் போடுகிறேன். அரை மணியில் பிளக்கில் கை வைக்க முடியாத சூடு. கீசருக்கு இதே பாயின்ட் ஒன்றும் ஆகவில்லையே?

இன்றைக்கே நிறுத்துங்கள். கீசர் இருபது நிமிடத்தில் கட் ஆகிவிடும். இது 14 ஆம்பியருக்கு மேல் இழுத்துக்கொண்டு விடிய விடிய ஓடும். பிடிப்பு தளர்ந்த சாக்கெட் அதைத் தாங்காது, உருகும். போர்டிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. செப்பு வயர் இழுத்து, 20 ஆம்ப் எம்.சி.பி. (லோடு மீறினால் விழும் சுவிட்ச்), நீல நிற வட்ட இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போடுங்கள். அந்தச் சாக்கெட்டுக்கு ஏற்ற பிளக் உள்ள சார்ஜர் கேபிளை வண்டிக் கம்பெனியிடமே கேட்டு வாங்குங்கள். நடுவில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் கூடாது. போட்ட ஒரு மாதம் கழித்து, மெயினை ஆஃப் செய்துவிட்டு எல்லா ஸ்க்ரூவையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், சூடாகி ஆறி ஆறித் தளரும்.

குடியாத்தம்: சார், சார்ஜ் ஆரம்பித்த நொடியே ஆர்.சி.சி.பி. விழுகிறது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, அதனாலா?

வாய்ப்பு அதிகம். சார்ஜரின் நியூட்ரலும் இன்வெர்ட்டர் நியூட்ரலும் எங்கோ ஒரு சுவிட்ச் பாக்ஸில் சேர்ந்திருக்கும். போன கரண்ட் அதே வழியில் திரும்பாததால் ஆர்.சி.சி.பி. கசிவு என்று நினைத்து விழும். சார்ஜருக்கு பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் மெயின் போர்டிலிருந்து தனியாகக் கொண்டுவந்தால் தீரும். அப்புறம் ஆர்.சி.சி.பி. எந்த டைப் என்றும் பாருங்கள். ஏ.சி. கரண்ட் கசிவை மட்டும் காணும் டைப் ஏசி இதற்கு ஆகாது. 6 மில்லி ஆம்பியர் டி.சி. கசிவைக் கண்டு துண்டிக்கும் வசதி சார்ஜரிலேயே இருந்தால் 30 மில்லி ஆம்பியர் டைப் ஏ போதும், இல்லாவிட்டால் டைப் பி.

ஆற்காடு: அண்ணா, எங்களுடையது மூன்று பேஸ். சாயங்காலம் ஏழு மணிக்குப் போட்டால் விட்டு விட்டு ஏறுகிறது, நடுராத்திரியில் ஒழுங்காக ஏறுகிறது.

லோ வோல்டேஜ்தான் அம்மா. எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் நேரம். சார்ஜர் இருக்கும் பேஸை வேறு பேஸுக்கு மாற்றிப் பாருங்கள், ஆனால் சார்ஜ் ஓடும்போது பேஸ் செலக்டரைத் திருப்பாதீர்கள். செயலியில் இரவு 11 மணிக்கு மேல் ஓடும்படி நேரம் வையுங்கள், அல்லது 32 ஆம்பியரை 16 ஆகக் குறையுங்கள். தெருவுக்கே இந்தப் பிரச்சினை என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987க்குச் சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

ராணிப்பேட்டை: 7.2 கிலோவாட் சார்ஜர் வாங்கினேன், 3.3தான் ஏறுகிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது; சுவரில் இருப்பது கரண்டைச் சோதித்து உள்ளே விடும் வாயிற்காவலன். உங்கள் காருக்குள் இருப்பது 3.3 என்றால் அவ்வளவுதான் வாங்கும். அடுத்த காருக்கு உதவும்.

பாகாயம்: காரில் செருகும் சார்ஜர் கன் முனையில் தூசியும் எறும்பும். எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கலாமா?

வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம். சப்ளையை ஆஃப் செய்து, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் போதும். சார்ஜ் முடிந்ததும் மூடி போட்டு, வாய் கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். சுவர்ப் பெட்டிக்குள் கேபிள் நுழையும் ஓட்டையில் கிளாண்ட் (கேபிளைச் சுற்றி அடைக்கும் மூடி) இறுக்கமாக இருந்தால் பல்லியும் எறும்பும் போகாது. பின் கறுத்திருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, மாற்ற வேண்டும்.

ஆம்பூர்: கன் கழன்று வரவில்லை.

இழுக்காதீர்கள். காரை ஒருமுறை பூட்டித் திறந்து, கன்னை லேசாக உள்ளே அழுத்திக்கொண்டே எடுங்கள். வராவிட்டால் பல கார்களில் கையால் விடுவிக்கும் ஒயர் இருக்கும், எங்கே என்று வண்டியின் கையேட்டில் பாருங்கள்.

தோட்டப்பாளையம்: ஈ.பி. பில் எவ்வளவு ஏறும்?

சின்னக் கார் ஒரு யூனிட்டுக்கு ஆறு ஏழு கிலோமீட்டர் ஓடும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் என்றால் சுமார் 150 யூனிட், இரண்டு மாத பில்லில் 300. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் கணக்கே மாறி, கீழ் யூனிட்டுகளுக்கும் விலை கூடும், அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். 7.2 கிலோவாட் போடுவதற்கு முன்பே கூடுதல் லோடுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.